வாசல் எதைக் கேட்கிறது?

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடைக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பேத்திக்கு ஒரு சுடிதார், மருமகனுக்குச் சட்டை, தனக்கு ஒரு சுங்குடிச் சேலை. பில் போட்டுப் பணம் கட்டி, டெலிவரி கவுன்ட்டரில் பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்கு நின்ற சாம்பல் நிறத் தூண்களுக்கு நடுவே அம்மா கால் வைத்ததும் மணி அலறியது. செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார். "அப்படி ஓரமா வாங்கம்மா. பையைக் காட்டுங்க."

பண்டிகைக் கூட்டம் விலகி நின்று வேடிக்கை பார்த்தது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அம்மா, வாங்கிய துணிகளை ஒவ்வொன்றாக ஒரு ஸ்டூலின் மேல் எடுத்து வைத்தாள். சுடிதாரின் உள்மடிப்பில் ஒரு பிளாஸ்டிக் டேக் இருந்தது. பில் போட்ட இடத்தில் கழற்ற மறந்திருக்கிறார்கள். கழற்றிவிட்டு, "சரி, போகலாம்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆட்டோவில் வரும்போது பெரியார் நிலையம் தாண்டும்வரை பேசாமல் இருந்த அம்மா கேட்டாள்: "அந்த மெஷினுக்கு என்னைப் பத்தி என்னடா தெரியும்?"

அம்மாவைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சுமார் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உலோக நாடாவின் அதிர்வு. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்த மணிச்சத்தத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஓயாமல் ரீங்கரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது. அடுக்கி வைத்த இரும்புத் தகடுகள்தான் பாடுகின்றன. இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் இம்மியளவு மாறும். காந்தம் தணிந்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஒரு மீட்டர் இரும்பில் அந்த மாற்றம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுகிறது. அதனால் நொடிக்கு 100 அதிர்வுகள். அதுதான் அந்த 'ம்ம்ம்'. இரும்பின் இந்தக் குணத்தை 1842-இல் கண்டு சொன்னவர் ஜேம்ஸ் ஜூல். ஆற்றலின் அலகுக்கே பெயராகிப்போன அதே ஜூல்.

கடை டேக்கின் உள்ளே இருப்பதும் இப்படிக் காந்தத்தால் நீண்டு சுருங்கும் ஒரு நாடாதான், ஆனால் சாதாரண இரும்பல்ல. சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் மணிமணியாகக் கற்கண்டு கட்டும். சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடிபோல் மிட்டாயாகிவிடும். உலோகமும் அப்படித்தான். வழக்கமாக உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசையாக உட்கார்ந்து படிகங்களாகும். அவை வரிசையில் உட்கார நேரமே கொடுக்காமல், வேகமாகச் சுழலும் குளிர்ந்த செம்புச் சக்கரத்தின்மேல் உருகிய கலவையைப் பீய்ச்சினால், நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் அது உறைந்து, ஒழுங்கற்ற அணுக்களோடு ஒரு 'உலோகக் கண்ணாடி' ஆகிறது. முதல் உலோகக் கண்ணாடியை 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பால் டூவெஸும் அவருடைய சகாக்களும் தங்கத்தையும் சிலிக்கானையும் கலந்து செய்தார்கள். கடை டேக்கில் இருப்பது இரும்பு, நிக்கல், போரான் போன்றவை கலந்த, தலைமுடியைவிட மெல்லிய நாடா. அதில் படிகங்கள் இல்லாததால் காந்தத்துக்கு உடனே இணங்கும், தட்டினால் நெடுநேரம் அதிரும்.

அந்த நாடா ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் எதிலும் ஒட்டாமல் கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். நாடாவுக்குள் ஒலி நொடிக்கு நாலேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பிவரும் தூரத்தைக் கொண்டு வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு ஏறக்குறைய 58,000 முறை. நாடாவின் சொந்தச் சுருதி அதுதான்.

வாசல் தூண்களுக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் அதே 58,000 என்ற அதிர்வெண்ணில், நொடிக்குப் பல பத்து தடவை, சின்னச் சின்னக் காந்தத் துடிப்புகளை அனுப்புகின்றன. ஒரு துடிப்பு, பிறகு மௌனம், அடுத்த துடிப்பு. விஷயம் அந்த மௌனத்தில் இருக்கிறது. கோயில் மணியின் நாக்கு அடித்து விலகிய பின்னும் நாதம் நீள்கிறதே, அதேபோல் தூணின் துடிப்பு நின்ற பிறகும் நாடா ஆயிரத்தில் சில பங்கு நொடிகளுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிரும்போது அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே சுருதியில் ஏறி இறங்கும். தூணிலிருக்கும் வாங்கி அந்த இடைவெளியில் காதைத் தீட்டிக் கேட்கிறது. சாவிக்கொத்து, சில்லறைக் காசு, எவர்சில்வர் டப்பா எதுவும் அந்தச் சுருதியில் அப்படி நீளமாக ஒலிக்காது. ஒலிப்பது கிடைத்தால் மணி அடிக்கிறது. மனிதக் காது 20,000-ஐத் தாண்டிக் கேட்காது என்பதால் இவ்வளவு உரையாடலும் நம்மைச் சுற்றி நடந்தும் நமக்குத் தெரிவதில்லை. இந்த முறை 1980-களில் அமெரிக்காவில் உருவானது. வாசலைக் காவல்காரனாக நினைக்கிறோம். உண்மையில் அது சுருதி பார்க்கும் ஒரு காதுதான், அதுவும் ஒரே ஒரு சுருதிக்கு.

துணியில் மாட்டும் தடித்த டேக்கைக் கவுன்ட்டரில் கழற்றிவிடலாம். நெய் பாட்டிலிலும் முகப்பூச்சு டப்பாவிலும் ஒட்டிய பட்டையை என்ன செய்வது? அங்கேதான் நாடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு துண்டு வேலைக்கு வருகிறது. அது ஒரு சாதுவான காந்தம். அதன் காந்தம் பக்கத்தில் இருக்கும்வரைதான் நாடா 58,000-இல் சுருதி சேர்ந்து நிற்கும். பில் போடும்போது மேசையில் பதித்த தட்டின்மேல் பொருளைத் தேய்த்து எடுக்கிறார்களே, அப்போது அந்தத் துண்டின் காந்தம் அழிக்கப்படுகிறது. வீணையின் பிருடையைத் திருகிவிட்டதுபோல் நாடாவின் சுருதி விலகிப்போகிறது. பட்டை அப்படியே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், ஆனால் வாசலின் காதில் விழாது.

அவசரத்தில் தட்டின்மேல் சரியாகப் படாமல் பொருள் நகர்ந்துவிட்டால்? காந்தம் பாதிதான் அழிந்திருக்கும், மணி அடிக்கும். உற்பத்தி செய்யும் ஆலையிலேயே பட்டையை உள்ளே வைத்துத் தைத்து அனுப்பும் வழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட சரக்கை, இந்தக் கருவியே இல்லாத கடையில் வாங்கிக்கொண்டு, கருவி இருக்கும் இன்னொரு கடைக்குள் நுழைந்தால் அங்கே மணி அடிக்கும். காசு கொடுத்து வாங்கிய செருப்பு வருடக்கணக்கில் ஒருவரைக் கடைவாசல்களில் நிறுத்திவைக்க முடியும். பணம் கட்டியாயிற்றா இல்லையா என்று வாசலுக்குத் தெரியாது. பில் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது.

வேறு வகைகளும் இருக்கின்றன. வளைந்து வளைந்து போகும் அலுமினியக் கோடுகள் தெரியும் சதுரக் காகிதப் பட்டைகள் 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்குச் சுருதி சேர்ந்த சின்னஞ்சிறு மின்சுற்றுகள். பில் போடும் இடத்தில் ஒரு வலுவான அலை அந்தச் சுற்றின் ஒரு புள்ளியைப் பொசுக்கிவிடும், அதோடு அது ஊமையாகும். நூலகப் புத்தகங்களின் முதுகில் மறைந்திருக்கும் மெல்லிய காந்தக் கம்பியைத் தேவைப்படும்போதெல்லாம் அணைக்கலாம், மறுபடி எழுப்பலாம். இரவல் போய்த் திரும்பும் பொருளுக்கு அது பொருத்தம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் தரும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுகள் இப்போது பரவி வருகின்றன.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உதவும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தத் தூண்களுக்கு நடுவே இயல்பாக நடந்து போகலாம். அங்கே நின்று பேசுவதும் தூணில் சாய்ந்திருப்பதும் கூடாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் எச்சரிக்கை இது. நம் கடைகளில் செருப்பு விடவும் குழந்தைக்காகக் காத்திருக்கவும் அந்த இடம்தான் கிடைக்கிறது.

இப்படி ஒரு காது கடைக்கு எதற்குத் தேவைப்பட்டது? நம் பலசரக்குக் கடையில் இதற்கு வேலையே இல்லை. சரக்கெல்லாம் அண்ணாச்சியின் முதுகுக்குப் பின்னால். நாம் கேட்டால் அவர் நிறுத்துத் தருவார். உலகமெங்கும் கடைகள் அப்படித்தான் இருந்தன. 1916 செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே உள்ளே போய்க் கூடையில் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அடுத்த ஆண்டு அந்தக் கடையமைப்புக்கே காப்புரிமை வாங்கினார். அதன் வரைபடத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: உள்ளே நுழைந்தால் எல்லா அலமாரிகளையும் கடந்து ஒரே பாதையில் போய், பணம் வாங்குபவரைத் தாண்டித்தான் வெளியே வரமுடியும். பொருளை மக்கள் கையில் எட்டும்படி வைத்த அன்றே, அவர்கள் எந்த வழியாக வெளியேறவேண்டும் என்ற யோசனையும் பிறந்துவிட்டது.

1960-களில் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ரான் அசாஃப் என்பவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மேலாளர். இரண்டு ஒயின் பாட்டில்களோடு ஓடிய ஒருவனைத் துரத்திப்போய், பிடிக்க முடியாமல் மூச்சிரைக்கத் திரும்பினார். இதைத் தடுக்க யாராவது வழி கண்டுபிடித்தால் கோடீஸ்வரனாகலாம் என்று உறவினர் ஒருவரிடம் புலம்பினார். அந்த உறவினர் சில வாரங்களில் ஒரு யோசனையோடு வந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சென்சர்மேட்டிக் நிறுவனம். ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் ஆர்தர் மினாசி என்பவரும் இதேபோன்ற கருவியைச் செய்து நோகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய முதல் மாதிரிகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு முயற்சிகளிலும் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஓடுகிற மனிதனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாட்டிலைப் பார்க்கத் தொடங்கினார்கள். யார் திருடன் போலிருக்கிறான் என்று முகம் பார்த்து ஊகிக்கும் வேலையிலிருந்து அது கடைக்காரரை விடுவித்தது. அந்த நாட்டில் எந்த நிறத்து முகங்கள் முதலில் சந்தேகிக்கப்பட்டன என்று நினைத்துப் பார்த்தால், இது சின்ன விடுதலை அல்ல.

கடைக்காரரின் வலியும் நிஜம். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நூறு ரூபாய் விற்பனைக்கு இரண்டு ரூபாய் நிகர லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் அடக்கமுள்ள ஒரு பொருள் காணாமல் போனால், அதை ஈடுகட்ட ஐயாயிரம் ரூபாய்க்கு விற்றாகவேண்டும். ஆனால் இருப்பு எடுக்கும்போது குறையும் சரக்கெல்லாம் வாடிக்கையாளர் தூக்கிக்கொண்டு போனதுதானா? அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகர் கூட்டமைப்பு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி 2022-இல் அங்கு கடைகள் இழந்தது சராசரியாக விற்பனையில் 1.6 விழுக்காடு. அதில் வெளியாட்களின் திருட்டு 36 விழுக்காடு, ஊழியர் திருட்டு 29, வேலைமுறைக் கோளாறுகளும் பிழைகளும் 27. தவறான விலைச்சீட்டு, இரண்டு முறை பதிவான சரக்கு, எண்ணாமல் இறக்கிய பெட்டி என்று இந்தக் கடைசிப் பங்கில் சாதாரண மறதிகள் அடங்கியிருக்கின்றன. அதே கூட்டமைப்பு, நாட்டின் இழப்பில் ஏறக்குறைய பாதி திட்டமிட்ட கும்பல்களின் திருட்டு என்று தான் சொன்னதை 2023 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. வால்க்ரீன்ஸ் மருந்துக்கடைத் தொடரின் நிதி அதிகாரியும் அதே ஆண்டு ஜனவரியில், திருட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டோமோ என்று முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

நம் பெரிய ஜவுளிக்கடைகள் ஊழியர் திருட்டு, பிழை என்ற இந்த உள்கசிவைக் கருவி எதுவும் இல்லாமலே வெகுகாலமாகச் சமாளித்து வந்திருக்கின்றன. துணி எடுத்துக் காட்டுபவர் ஒருவர், பில் எழுதுபவர் இன்னொருவர், பணம் வாங்குவது கல்லாவில், பொருளைத் தருவது டெலிவரியில், வாசலில் பில்லைக் குத்தித் தருபவர் வேறு ஒருவர். ஒருவர் தவறு செய்தால் அடுத்தவர் கையில் அது தடுக்கும். வரிசையில் நிற்கும்போது சலிப்பாக இருக்கும். இருந்தாலும் எந்த மனிதரையும் தனியாகச் சந்தேகிக்காத முறை அது.

எந்தப் பொருள் அதிகம் திருடு போகும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். குற்றவியலாளர் ரானல்ட் கிளார்க் 1999-இல் பிரிட்டிஷ் உள்துறைக்காக எழுதிய ஆய்வில் ஆறு குணங்களைச் சொன்னார்: மறைக்க எளிது, எடுத்துச்செல்ல எளிது, கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, விலையுள்ளது, அனுபவிக்கத் தக்கது, எளிதில் விற்றுக் காசாக்கத் தக்கது. சவர பிளேடு பாக்கெட் ஆறிலும் தேறிவிடும். அதனால்தான் அது பில் போடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. துணிகளில் மை டேக் என்று ஒன்று வந்தது. வலிந்து பிடுங்கினால் மை சிதறித் துணி வீணாகிவிடும். திருடியவருக்கு அதனால் பயனில்லாமல் போவதே அதன் பாதுகாப்பு. எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டால் என்ன? அமெரிக்க மருந்துக்கடைகள் பற்பசையைக்கூடப் பூட்டிப் பார்த்தன. பூட்டினால் விற்பனை குறைகிறது என்று 2025 தொடக்கத்தில் வால்க்ரீன்ஸின் தலைவரே சொல்லிவிட்டார். சாவி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்பம் இப்போது மறுபடியும் முகத்தைப் பார்க்கப் போயிருக்கிறது. என் கவலை இங்கேதான். அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக்கடைகள் 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கிளைகளில் முகமறியும் கேமராக்களை வைத்திருந்தன. முன்பு திருடியதாகக் கருதப்பட்டவர்களின் மங்கலான படங்களோடு உள்ளே வருபவர்களின் முகங்களை ஒப்பிட்டு, 'இவரைக் கவனி' என்று அந்த அமைப்பு ஊழியருக்குச் செய்தி அனுப்பும். ஆயிரக்கணக்கான முறை அது ஆள்மாறிச் சொன்னது என்று அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் அதிகம் வாழும் பகுதிகளில் பிழை கூடுதல். 11 வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். முகமறியும் தொழில்நுட்பத்தை ஐந்தாண்டுகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையோடு 2023 டிசம்பரில் அந்த வழக்கு முடிவுக்கு வந்தது.

கேமரா இன்னும் துல்லியமானால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பண்டிகை நாளில் ஒரு கடைக்கு 10,000 பேர் வருகிறார்கள், அதில் 50 பேர் திருட வந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கருவி கெட்டிக்காரக் கருவி: திருடவந்தவர்களில் நூற்றுக்கு 90 பேரைக் கண்டுபிடிக்கும், நல்லவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும். மணி எத்தனை பேருக்கு அடிக்கும்? 50-இல் 45 பேருக்கு. மீதி 9,950 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய 100 பேருக்கு. நிறுத்தப்பட்ட 145 பேரில் 100 பேர் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். நல்லவர்கள் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் கூட்டத்தில், சின்னப் பிழைகூட அவர்கள் தலையில்தான் விழும். டேக் மணிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் டேக் விஷயத்தில் கழற்ற மறந்த டேக்கை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து எடுத்துவிடலாம். முகத்தை எங்கே கழற்றி வைப்பது?

கேமராவில் பதிந்த படத்தை அச்சடித்து, 'இவரைக் கண்டால் தகவல் தரவும்' என்று கடைச்சுவரில் ஒட்டுவதையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதையும் நம் ஊரிலும் பார்க்கிறேன். எந்த நீதிமன்றமும் விசாரிக்காத முகங்கள் அவை. சட்டம் இவ்வளவு அவசரப்படுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம், முதல்முறை ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டவருக்குச் சமூக சேவையே தண்டனை என்கிறது. அதனுடன் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தன் கண்முன்னே நடந்த, ஜாமீனுக்கு உரிமையில்லாத, போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு மட்டுமே (நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தவர் விதிவிலக்கு) ஒரு தனிமனிதர் இன்னொருவரைப் பிடிக்கலாம் என்றும், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. வாசலில் அடிக்கும் மணி யாருடைய கண்முன்னும் எதுவும் நடந்ததாகச் சொல்வதில்லை. மணி அடித்ததும் செக்யூரிட்டி சொல்லவேண்டியது, "டேக் எடுக்க விட்டுட்டோம்போல, இருங்கம்மா, எடுத்துத் தர்றோம்" என்பதுதான். பெரும்பாலும் அதுவே நடந்த உண்மையாகவும் இருக்கும்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். கற்கண்டு, மணியின் நாதம் எல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போதும் எந்த ஜவுளிக்கடையிலும் டெலிவரி கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன், துணியைப் பிரித்துத் தையலோரங்களை விரல்களால் தடவிப் பார்க்கிறாள். பில்லை வீடு வந்து சேரும்வரை கையிலேயே வைத்திருக்கிறாள்.